பேய்ப்படத்துக்கு காசு குடுக்குறதுக்கு முன்னாடி: ஹாலோவீன் ஸ்பெஷல் கேள்வி-பதில்

அக்டோபர் பொறந்தாலே அமெரிக்கால இருக்கிற நம்மாளுங்ககிட்ட இருந்து பேய்ப்படக் கேள்வியா வந்து குவியுது. எதை வாங்கலாம், எதை ரெண்ட் பண்ணலாம், எது ஃப்ரீயா கிடைக்கும்னு. இந்த தடவை அதுல அஞ்சு கேள்விக்கு பதில் சொல்றேன். எல்லாத்துக்கும் அடியில ஒரே விஷயம்தான் இருக்கு, படத்தோட பேரைப் பார்த்து காசு குடுக்காதீங்க, அந்த படத்தோட எந்த பிரிண்ட் உங்க கைக்கு வருதுன்னு பார்த்துட்டு குடுங்க. பேய்ப்படத்துல பாதி பயம் இருட்டுலதான் இருக்கு, பிரிண்ட் மட்டமா இருந்தா முதல்ல போறது அந்த இருட்டுதான்.

கேள்வி: அண்ணா, 1978ல வந்த ஹாலோவீன் படத்தோட பழைய டிவிடி ஒண்ணு கராஜ் சேல்ல 1 டாலருக்கு கிடைச்சுது. இதுவே போதும்ங்கிறார் என் வீட்டுக்காரர். ஆபீஸ் ஃப்ரெண்டு 4கே டிஸ்க் வாங்கு, அப்பதான் அது படம்ங்கிறா. அவ்ளோ வித்தியாசம் இருக்கா? எங்ககிட்ட சாதா ப்ளூ-ரே ப்ளேயர்தான் இருக்கு, டிவி 55 இன்ச். (டல்லாஸ் வாசகி)

இருக்கும்மா, ஆனா ப்ளூ-ரேயை விட இன்னும் தெளிவான 4கே டிஸ்க் வரைக்கும் போகணும்னு அவசியம் இல்ல. முதல்ல அந்த டிவிடி அட்டைக்குப் பின்னாடி என்ன போட்டிருக்குன்னு பாருங்க. ‘ஃபுல் ஸ்க்ரீன்’னு இருந்தா அதை அப்படியே ஓரமா வச்சிடுங்க. டைரக்டர் ஜான் கார்ப்பென்டர் இந்த படத்தை நல்லா அகலமா, 2.35க்கு 1ங்கிற அளவுல எடுத்திருக்கார். கையில இருந்தது 3 லட்சம் டாலர் சொச்சம்தான், அவ்ளோ சின்ன பட்ஜெட்லயும் அந்த அகலத்தை விட்டுக்குடுக்கல, ஏன்னா படமே அந்த அகலத்தை வச்சுதான் ஓடுது. நடுவுல பொண்ணுங்க பேசிட்டு நடந்து போவாங்க, ஓரத்துல ஒரு வேலிக்குப் பக்கத்துல மாஸ்க் போட்ட கொலைகாரன் சும்மா நின்னுட்டிருப்பான். பழைய சதுர டிவிக்காக ரெண்டு பக்கமும் வெட்டின காப்பில அந்த ஓரமே பாதி காணாம போயிடும், அப்புறம் எங்க இருந்து பயம் வரும்?

‘வைட் ஸ்க்ரீன்’னு போட்டிருந்தா 1 டாலருக்கு லாபம்தான், இந்த வருஷம் அதையே பாருங்க. படம் பிடிச்சுப்போச்சுன்னா ப்ளூ-ரேக்கு போங்க. ஏன்னு கேட்டா ஒரே ஒரு காட்சி சொல்றேன். கடைசி அரை மணி நேரத்துல கதாநாயகி லாரி (Laurie) ஒரு இருட்டு ரூம் வாசல் பக்கத்துல சாய்ஞ்சு நின்னு அழுதுட்டிருப்பா, அந்த வேஷத்துல நடிச்ச ஜேமி லீ கர்ட்டிஸுக்கு இதுதான் முதல் சினிமா. அவளுக்குப் பின்னாடி வெறும் கருப்பு. அந்த கருப்புக்குள்ள இருந்து வெள்ளை மாஸ்க் ஒண்ணு மெதுவா, ரொம்ப மெதுவா தெரிய ஆரம்பிக்கும், கதவு திறக்காது, யாரும் நடந்து வரமாட்டாங்க, வெளிச்சம் மட்டும் துளித்துளியா ஏறும். கேமராமேன் டீன் கண்டி செஞ்ச வேலை அது. மட்டமான டிவிடிலயோ மெதுவான நெட்ல ஓடுற ஸ்ட்ரீமிங்லயோ அந்த கருப்பு கட்டம்கட்டமா உடைஞ்சு சாம்பல் நிறமா தெரியும், மாஸ்க் திடீர்னு வந்து ஒட்டின மாதிரி இருக்கும். அந்த பத்து செகண்டுக்காகவே நல்ல பிரிண்ட் வாங்கலாம்னு நான் மனசார சொல்லுவேன். அந்த மாஸ்க் வேற ஒண்ணும் இல்ல, கடையில 2 டாலருக்கும் கம்மியா வாங்கின ‘ஸ்டார் ட்ரெக்’ கேப்டன் கிர்க் மாஸ்க், கண்ணு ஓட்டையைப் பெருசாக்கி வெள்ளை பெயின்ட் அடிச்சது.

எந்த ப்ளூ-ரேன்னா, 2013ல வந்த 35வது வருஷப் பதிப்பு டீன் கண்டியே கூட இருந்து கலர் சரிபார்த்தது, ராத்திரி காட்சில அவர் வச்ச நீலம் அதுல ஒழுங்கா இருக்கும், அதுக்கு முந்தின சில வெளியீட்டுல அது வெளிறிப்போய் இருக்கும். பழசா கிடைச்சாலும் தைரியமா வாங்கலாம், டிஸ்க்ல கீறல் மட்டும் பார்த்துக்கோங்க. 4கே ப்ளேயர் வாங்குற அன்னிக்கு ஸ்க்ரீம் ஃபேக்டரிங்கிற டிஸ்க் கம்பெனி 2021ல போட்ட 4கே இருக்கு, இப்பவே அதுக்காக ப்ளேயர் வாங்க வேணாம். ‘எக்ஸ்டெண்டட்’னு ஒரு வெர்ஷன் கண்ணுல பட்டா ஜாஸ்தி நிமிஷம் ஜாஸ்தி லாபம்னு நினைக்காதீங்க, அது டிவில போடுறதுக்கு நேரம் பத்தலைன்னு 1981ல ரெண்டாம் பாகம் எடுக்கிறப்ப சேர்த்து எடுத்த காட்சிங்க. முதல் தடவை பார்க்கிறவங்களுக்கு 91 நிமிஷ தியேட்டர் வெர்ஷன்தான் சரி.

இன்னொண்ணு, இதுக்கு பைசா செலவே இல்ல. டிவி செட்டிங்ஸ்ல மோஷன் ஸ்மூத்திங்னு ஒண்ணு இருக்கும், எல்ஜில ட்ரூமோஷன், சோனில மோஷன்ஃப்ளோன்னு பேர் மாறும். அதை ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா பழைய படம்லாம் சீரியல் மாதிரி வழவழன்னு ஓடும். ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தா அதைப் போட்டாலே போதும். அப்புறம் ரூம் லைட்டை அணைச்சிடுங்க.

கேள்வி: 50 க்ளாசிக் ஹாரர் படம் ஒரே பாக்ஸ்ல, 10 டாலர்னு பார்த்தேன். நைட் ஆஃப் த லிவிங் டெட், நோஸ்ஃபெராட்டு எல்லாம் அதுல இருக்கு. எப்படி இவ்ளோ சீப்பா குடுக்குறாங்க, திருட்டு டிஸ்க்கா? (எடிசன், நியூ ஜெர்சி)

திருட்டு டிஸ்க் இல்ல, சட்டப்படிதான் விக்கிறாங்க. ஆனா வாங்க வேணாம்னுதான் சொல்லுவேன், ஏன்னா அந்த படங்கள்ல நிறைய ஏற்கனவே ஊருக்கே பொதுச் சொத்து.

நைட் ஆஃப் த லிவிங் டெட் கதையைக் கேட்டா வயிறு எரியும். ஜார்ஜ் ரொமேரோவும் அவர் கூட்டாளிங்களும் பிட்ஸ்பர்க் பக்கத்துல கையில இருந்த காசைப் போட்டு எடுத்த படம், 1968ல ரிலீஸ். முதல்ல வச்ச பேரு நைட் ஆஃப் த ஃப்ளெஷ் ஈட்டர்ஸ். டிஸ்ட்ரிப்யூட்டர் பேரை மாத்துறப்ப புது டைட்டில் கார்டு போட்டாங்க, பழைய கார்டுல இருந்த காப்பிரைட் அறிவிப்பு புதுசுல இல்லாம போச்சு. அப்ப இருந்த அமெரிக்க சட்டப்படி அறிவிப்பு இல்லாம வெளியிட்டா உரிமையே போச்சு, அவ்ளோதான். உலகத்துல இன்னிக்கு வர்ற அத்தனை ஜாம்பி படத்துக்கும் தாய்வீடு அந்த படம், அதை எடுத்தவங்களுக்குச் சேர வேண்டிய காசு சேரவே இல்ல. யார் வேணா காப்பி போட்டு விக்கலாம்னு ஆனதும் காப்பிக்கு காப்பி, அதுக்கு காப்பின்னு போட்டு மங்கலாக்கி வச்சிருக்காங்க. உங்க 50 பட பாக்ஸ்ல வர்றதும் பெரும்பாலும் அந்த மாதிரிதான், ஒரே டிஸ்க்ல நாலஞ்சு படத்தை அமுக்கி வச்சிருப்பாங்க.

அதே தரம் உங்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கிற வெப்சைட்ல ஃப்ரீயாவே கிடைக்கும், அப்புறம் 10 டாலர் எதுக்கு? நல்லா பார்க்கணும்னா நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து 4கேல சரிபண்ணின பிரிண்ட் இருக்கு, அதை க்ரைடீரியன்ங்கிற டிஸ்க் கம்பெனி 2018ல டிஸ்க்கா போட்டாங்க. விலை ஜாஸ்திதான். பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடையில வழக்கமா ஜூலைலயும் நவம்பர்லயும் க்ரைடீரியன் டிஸ்க் பாதி விலைக்கு போடுவாங்க, அதனால ஹாலோவீனுக்கு லைப்ரரில எடுத்துப் பார்த்துட்டு நவம்பர்ல வாங்குங்க. இதே படத்துக்கு கலர் அடிச்ச வெர்ஷன் இருக்கு, 30வது வருஷம்னு சொல்லி 1998ல புதுக் காட்சியும் புது மியூசிக்கும் ஒட்டின வெர்ஷன் ஒண்ணும் இருக்கு, ரெண்டையும் தொடாதீங்க.

நோஸ்ஃபெராட்டு இன்னும் பாவம். 1922 ஜெர்மன் ஊமைப்படம், முர்னாவ் எடுத்தது. அப்பல்லாம் ராத்திரி காட்சியைப் பட்டப்பகல்ல எடுத்துட்டு, அப்புறம் ஃபிலிமுக்கு நீலச் சாயம் ஏத்துவாங்க, நீலமா இருந்தா ராத்திரின்னு அர்த்தம். சாயம் இல்லாத வெறும் கறுப்பு வெள்ளை காப்பில பார்த்தீங்கன்னா அந்த ரத்தக்காட்டேரி சவப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு உச்சி வெயில்ல ஊருக்குள்ள நடந்து போவான், கடைசில சூரிய வெளிச்சம் பட்டு செத்தும் போவான். பார்க்கிறவங்களுக்கு என்ன புரியும்? அதனால இந்த படத்தை எங்க பார்த்தாலும் முதல் அஞ்சு நிமிஷத்துல கலர் மாறுதான்னு பாருங்க, மாறலைன்னா வேற காப்பி தேடுங்க. முர்னாவ் பேர்ல இருக்கிற ஃபவுண்டேஷன் சரிபண்ணினது சாயத்தோட, முதல்ல இதுக்குன்னு ஹான்ஸ் எர்ட்மன் போட்ட இசையோட வரும்.

கேள்வி: அக்டோபர் மாசத்துக்கு மட்டும் ஷட்டர் சப்ஸ்கிரிப்ஷன் போடலாமா, இல்ல ஒவ்வொரு படமா ரெண்ட் பண்றது லாபமா? (சான் ஹோசே)

ஷட்டர் (Shudder) ஒரு ஸ்ட்ரீமிங் ஆப், முழுக்க முழுக்க ஹாரர் மட்டும்தான், ஏஎம்சி நெட்வொர்க்ஸோடது. பழைய படம் ஒண்ணு ரெண்ட் எடுத்தாலே பெரும்பாலும் 4 டாலர் பக்கம் ஆகும், அதனால மாசத்துக்கு மூணுக்கு மேல பார்ப்பீங்கன்னா சப்ஸ்கிரிப்ஷன் கட்டுப்படியாகும். ஆனா காசு கட்டுறதுக்கு முன்னாடி நீங்க பார்க்கணும்னு நினைக்கிற நாலு படத்தோட பேரை அவங்க ஆப்ல தேடிப் பாருங்க. போன வருஷம் இருந்த படம் இந்த வருஷம் அங்க இருக்கும்னு நம்பவே கூடாது.

அதுக்கும் முன்னாடி உங்க ஊர் லைப்ரரி கார்டை எடுங்க. கனோப்பி, ஹூப்லான்னு ரெண்டு ஆப், லைப்ரரி சேர்ந்திருந்தா கார்டு நம்பரைப் போட்டாலே படம் ஃப்ரீ, விளம்பரமும் கிடையாது. டூபி, ப்ளூட்டோ டிவிலயும் ஃப்ரீதான், விளம்பரம் வரும். பேய்ப்படத்துல சரியான இடத்துல பார்த்து விளம்பரம் வந்தா சூடு ஆறிப்போயிடும், அதனால நான் கனோப்பிக்குதான் முதல் ஓட்டு போடுவேன்.

ரெண்ட் பண்றவங்களுக்கு ஒரு டிப்ஸ்: பொதுவா பணம் கட்டின நாள்ல இருந்து 30 நாள் டைம் இருக்கும், ப்ளே அமுக்கின பிறகுதான் 48 மணி நேரக் கணக்கு ஓட ஆரம்பிக்கும். அப்ப அக்டோபர் முதல் வாரம் விலை குறைச்சு போட்டிருந்தா அன்னிக்கே எடுத்து வச்சிட்டு 31ஆம் தேதி ஹாலோவீன் ராத்திரி ப்ளே பண்ணலாம். நடுவுல குழந்தைங்க கை தெரியாம ப்ளே அமுக்காம பார்த்துக்கணும். ஃப்ரீ ட்ரையல் போட்டா கேன்சல் பண்ற தேதியை அப்பவே ஃபோன்ல அலாரம் வச்சிடுங்க, சில சர்வீஸ்ல ட்ரையல்ல கேன்சல் பண்ணின அந்த நிமிஷமே கட் ஆயிடும், அதையும் படிச்சுப் பார்த்துட்டு பண்ணுங்க.

கேள்வி: பையனுக்கு 8 வயசு. ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் வீட்டுக்கு வர்றாங்க, ஏதாவது பேய்ப்படம் போடச் சொல்றாங்க. பிஜின்னு ரேட்டிங் இருந்தா பயப்படாம போடலாமா? போல்டர்கைஸ்ட் பிஜிதானே? (அட்லாண்டா வாசகி)

வேண்டாம்மா, தயவுசெஞ்சு அதைப் போட்டுடாதீங்க. பிஜின்னா அப்பா அம்மா பார்த்து முடிவு பண்ணிக்கோங்கன்னு அர்த்தம், அதைவிட ஒரு படி கடுமையான பிஜி-13ங்கிற ரேட்டிங் 1984 ஜூலைலதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி வந்த படத்துல பிஜின்னா இன்னிக்கு இருக்கிற பிஜி கிடையாது, நடுவுல வேற பெட்டியே இல்லாததால நிறைய படத்தை அதுக்குள்ள போட்டு அடைச்சாங்க. போல்டர்கைஸ்ட் 1982, முதல்ல பெரியவங்க படத்துக்குக் குடுக்கிற ஆர் ரேட்டிங்தான் குடுத்தாங்க, அப்பீல் பண்ணி பிஜி வாங்கினாங்க. அதுல ஒருத்தன் பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு தன் மூஞ்சியைத் தானே பிய்ச்சு எடுப்பான். 8 வயசுப் பிள்ளைங்க நாலு பேர் அதைப் பார்த்தா நாலு வீட்டு அம்மாவும் உங்களுக்குதான் ஃபோன் போடுவாங்க. அதனால ரேட்டிங்கோட ரிலீஸ் வருஷத்தையும் சேர்த்துப் பாருங்க. காமன் சென்ஸ் மீடியாங்கிற வெப்சைட்ல படத்தோட பேரைப் போட்டா எந்தெந்த மாதிரி காட்சி இருக்குன்னு எழுதியிருப்பாங்க, அஞ்சு நிமிஷ வேலை.

அந்த வயசுக்கு ஹோகஸ் போகஸ் இருக்கு, 1993, அமெரிக்கால இருக்கிற சேலம் ஊரு சூனியக்காரிங்க மூணு பேர் கதை, பேச்சு சில இடத்துல பெரியவங்களுக்கானது, அதை மட்டும் முன்னாடியே பார்த்துக்கோங்க. த நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ் ஒண்ணே கால் மணி நேரம்தான், பிள்ளைங்க பொறுமைக்கு அளவா இருக்கும். கொராலைனும் பிஜிதான், பொம்மைப் படம்தான், ஆனா கண்ணுல பட்டன் வச்சுத் தைக்கிறது சின்னப் பிள்ளைங்களை ராத்திரி தூங்க விடாது, இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும். கூட்டத்துல தம்பி தங்கச்சிங்களும் இருந்தா 1966 சார்லி பிரவுன் பூசணிக்காய் கார்ட்டூனை முதல்ல போடுங்க, அரை மணி நேரம் கூட வராது.

கேள்வி: அமெரிக்கால இருந்து தம்பி தீபாவளிக்கு வர்றான். ஹாரர் டிஸ்க் நாலஞ்சு வாங்கிட்டு வரச் சொல்லலாம்னு இருக்கேன். இங்க என் ப்ளேயர்ல ஓடுமா? இல்ல ஆன்லைன்லயே ‘பை’ பண்ணிடலாமா? (சென்னை, மயிலாப்பூர்)

சாதா ப்ளூ-ரேன்னா பார்த்து வாங்கச் சொல்லுங்க. எந்த நாட்டு ப்ளேயர்ல ஓடும்னு டிஸ்க்குக்கு ரீஜன்னு ஒண்ணு இருக்கு, அமெரிக்கா ரீஜன் ஏ, இந்தியா ரீஜன் சி. டிவிடில அமெரிக்கா 1, நமக்கு 5. எல்லா டிஸ்க்கும் ஒரே ரீஜனுக்குன்னு பூட்டி வரும்னு இல்ல, ஆனா பூட்டியிருந்தா இங்க வாங்கின ப்ளேயர்ல ஓடாது. 4கே டிஸ்க்குக்கு அந்த ரீஜன் தொல்லையே கிடையாது, உங்க ப்ளேயர் 4கேன்னா அதையே சொல்லிடுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, 4கே பாக்ஸ்ல கூடவே ஒரு ப்ளூ-ரே இருக்கும், எக்ஸ்ட்ரா பேட்டிங்க எல்லாம் பெரும்பாலும் அதுலதான் இருக்கும், அது பூட்டியிருக்கலாம். உள்ள வர்ற, ஆன்லைன்ல படம் பார்க்கிறதுக்கான டிஜிட்டல் கோடும் அமெரிக்கா அக்கவுண்ட்டுக்குதான், அதைத் தம்பியே வச்சுக்கட்டும்.

ஆன்லைன்ல ‘பை’ பண்றது நீங்க நினைக்கிற மாதிரி வாங்குறது இல்ல. பார்க்கிறதுக்கு லைசென்ஸ்தான் தர்றாங்க, கடைக்கும் சினிமா கம்பெனிக்கும் நடுவுல ஒப்பந்தம் முடிஞ்சா உங்க லிஸ்ட்ல இருந்து படம் காணாம போக வாய்ப்பு இருக்கு. கலிஃபோர்னியால இதுக்குன்னே சட்டம் போட்டு 2025 ஜனவரி 1ல இருந்து அமல்ல இருக்கு, இது லைசென்ஸ்தான்னு தெளிவா சொல்லாம ‘பை’ங்கிற பட்டனைக் காட்டவே கூடாது. வருஷா வருஷம் எடுத்துப் பார்க்கிற படம்னா டிஸ்க்கா வச்சுக்கோங்க, ஒரு தடவை பார்க்கிறதுக்கு ரெண்ட் போதும். தம்பி கிளம்புறதுக்கு முன்னாடி உங்க ப்ளேயர் மாடல் நம்பரையும், டிஸ்க் அட்டைக்குப் பின்னாடி சின்னதா இருக்கிற ரீஜன் குறியையும் ஃபோட்டோ எடுத்து ரெண்டு பேரும் மாத்திக்கோங்க, கடையில நிக்கிறப்பவே முடிவு பண்ணிடலாம்.