பண்டிட்டின் 536: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரிக்கெட் பயிற்சியாளர்களைப் பற்றிப் போன வாரம் எழுதியதில் சந்திரகாந்த் பண்டிட்டை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். 1999ல் பெங்களூர் சின்னசாமி மைதானத்தில், மத்தியப் பிரதேச கேப்டனாக, மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை இறுதியில் தோற்றவர். 2022ல் அதே மைதானத்தில் அதே அணிக்குப் பயிற்சியாளராக இருந்து கோப்பையை வாங்கிக் கொடுத்தார். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டார்கள். 5 டெஸ்ட் மட்டுமே ஆடியவர் இவ்வளவு சாதிக்க, அந்தத் தோல்வி கிளப்பிய வெறிதானே காரணம்?

கே.

அன்புள்ள கே.,

ஒரே வரியில் தாண்டியது தப்புதான். ஆனால் இந்த ‘வெறி’ எனக்கு ஒட்டவில்லை. நீங்கள் சொல்லும் இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவே பயிற்சியாளராக அவர் 5 ரஞ்சிக் கோப்பைகளை வென்றுவிட்டார். மும்பைக்கு 3, விதர்பாவுக்கு 2. மும்பையின் முதல் இரண்டும், 2002-03, 2003-04, இறுதியில் தமிழ்நாட்டைத் தாண்டி எடுத்தவை. அதில் இரண்டாவது நம் சேப்பாக்கத்திலேயே! அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை, அது இருக்கட்டும்.

1999 ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ரஞ்சி இறுதி டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்றவருக்கே கோப்பை. ம.பி.யின் கையில் 75 ரன் முன்னிலை. கடைசி நாளை எப்படியாவது ஓட்டியிருந்தால் போதும். எதிரணி கர்நாடகாவின் விஜய் பரத்வாஜின் சுழலில் மளமளவென்று சரிந்து 96 ரன்னில் தோற்றார்கள். கட்டை போட்டு நிற்க ஆளில்லை.

2022ல் எதிரணி மும்பை, முதலில் 374 எடுத்தது. ம.பி. இரண்டாம் நாள் ஆட இறங்கி நான்காம் நாள்தான் ஆல் அவுட் ஆனது. யஷ் துபே, சுபம் சர்மா, ரஜத் பட்டிதார் மூவரும் சதம், மொத்தம் 536. டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கே கொட்டாவி வந்தது, வெயிலில் பந்து பொறுக்கியவர்கள் பாடு என்னவோ. விக்கெட்டைக் கொடுக்காதே, எதிராளியைச் சலிக்க வை. மும்பைக்காரர்கள் ‘கடூஸ்’ என்று பெருமை பேசும் ஆட்டம் இதுதான். மும்பையில் வளர்ந்த பண்டிட் அதை ம.பி. பையன்களுக்குக் கற்றுக்கொடுத்து மும்பையின் தலையிலேயே கட்டிவிட்டார். அன்று 6 விக்கெட்டில் வென்றதும் அவர் அழுதது உண்மை. ஆனால் அந்த 536ஐ அழுகையும் வெறியும் எடுக்கவில்லை.

5 டெஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். விக்கெட் கீப்பர், அதுவும் இந்திய அணியில் அந்த இடத்தில் கிரண் மோரே இருந்த காலத்தில். 1987 உலகக் கோப்பை அரையிறுதியில்கூட, வெங்சர்க்காருக்கு உடம்பு சரியில்லாததால்தான் இடம் கிடைத்தது. அப்படி வெளியே உட்கார்ந்தே பழகியவருக்குப் பெயரில்லாத பையன்களின் மனசு பிடிபடும் என்பது என் ஊகம்.

எல்லா இடத்திலும் அவருடைய வழி செல்லுபடியாகவில்லை. ஐ.பி.எல்.லில் அவருடைய கெடுபிடி வெளிநாட்டு வீரர்களுக்குப் பிடிக்கவில்லை என்று, கொல்கத்தா அணியில் இருந்த டேவிட் வீஸவே பிறகு சொன்னார். 2024ல் அந்த அணி கோப்பையை வென்றபோதும் பேரெல்லாம் அணியின் ஆலோசகர் கம்பீருக்குப் போனது; தலைமைப் பயிற்சியாளர் பண்டிட்தான் என்பது பலருக்கு ஞாபகமே இல்லை.

சினிமா என்றீர்களே. யாராவது எடுத்தால், எடிட்டிங் மேஜையில் முதலில் போவது அந்த மூன்று சதங்களாகத்தான் இருக்கும்.