ஆவணிக்குள் குளக்கட்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எங்கள் கமக்காரர் அமைப்பில் 43 குடும்பங்கள். ஊர்க் குளத்தின் கட்டு இரண்டு இடங்களில் தாழ்ந்து போயிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் பணம் சேர்த்துத் தருகிறார்கள். செயலாளர் என்பதால் வேலையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். வயது 28, இப்படியொரு வேலையை நடத்தியதில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பிள்ளை, பணம் கைக்கு வந்த அன்றே மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் பிடிக்கப் போகாதீர்கள். முதலில் நாட்காட்டியை எடுங்கள். எல்லோரும் மழையிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். பெருமழை ஐப்பசியில்தானே, புரட்டாதி வரை நேரம் இருக்கிறது என்பார்கள். ஆனால் புரட்டாதி பிறந்ததும் ஊரிலுள்ள உழவு இயந்திரமெல்லாம் மாரிமழையை நம்பிய காலபோக நெல் உழவுக்குப் போய்விடும். மண் ஏற்ற ஓர் இழுவைப் பெட்டியும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. ஆகவே உங்கள் கடைசி நாள் ஆவணி முடிவு. சிறிய குளங்களில் ஆடியில்தான் தண்ணீர் வற்றும். கையில் இருப்பது ஏறக்குறைய எட்டுக் கிழமை. இதைக் கூட்டத்தில் எழுதி ஒட்டிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

வைகாசியிலும் ஆனியிலும் கடதாசி வேலை. 80 ஹெக்டயருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் குளம் சிறு குளம். அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. கமநல சேவை நிலையத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கண்டு, கட்டை அளந்து மட்டம் பார்த்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மண் எங்கே எடுப்பது என்பதையும் அவரே குறித்துத் தரட்டும். கட்டின் அடிவாரத்தில் மண் எடுக்கவே கூடாது. குளத்தின் உள்ளே ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் கூடும் என்று சிலர் சொல்வார்கள். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகான துருசின் மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்குத் தானாக ஏறாது. அடியிலுள்ள களிப்படையை வெட்டிவிட்டால் இருக்கிற தண்ணீரும் நிலத்துக்குள் இறங்கிவிடும்.

நம் நிலத்துக்கே உரிய இன்னொன்றும் உண்டு. போர் முடிந்து மீள்குடியேறி இத்தனை வருடமாயிற்று என்பதால் எல்லா இடமும் கண்ணிவெடி அகற்றிய இடம் என்று எண்ணிவிடாதீர்கள். மண் எடுக்கும் இடம் துப்புரவாக்கப்பட்டதா என்பதைப் பிரதேச செயலகத்தில் உறுதிசெய்த பின்பே இயந்திரத்தை இறக்குங்கள். சந்தேகமான பொருள் ஏதும் தென்பட்டால் தொடாமல், ஆட்களை விலக்கிவிட்டு 119-க்கு அறிவியுங்கள். இதில் ஒரு நாள் தாமதித்தால் தாமதிக்கட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள் என்று ஐப்பசியில் ஒரு கட்டுக்கு மண் போட்டோம். பழைய கட்டின் புல்லைச் செதுக்கவில்லை, படி வெட்டவில்லை. காய்ந்த மண்ணை அப்படியே கொட்டினோம். கார்த்திகையில் ஓர் இரவு, போட்ட மண் முழுவதும் பழைய கட்டின் மேல் வழுக்கி இறங்கியது. துருசின் பக்கத்தால் கசிவு தொடங்கி விடியுமுன் உடைத்துக்கொண்டது. மண்மூட்டையோடு நின்ற கமக்காரர்களின் முகங்கள் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. அந்தப் போகம் அவர்களுக்கு இல்லாமற் போயிற்று.

அதனால் சொல்கிறேன்: புல், வேர், கறையான் புற்று எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, பழைய கட்டைப் படிபடியாக வெட்டி, அரை அடிக்கு மேல் போகாத படையாக மண் போட்டு, ஒவ்வொரு படையையும் இறுக்க வேண்டும். மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள், கையில் ஒட்டினால் காயவிடுங்கள். துருசைச் சுற்றி இறுக்கும்போது நீங்களே நில்லுங்கள். கரையில் நிற்கும் பழைய மருதமரத்தைத் தறிக்க யாராவது வந்தால் விடாதீர்கள். தறித்த மரத்தின் வேர் உக்கினால் அந்த வழியே தண்ணீர் ஊடுருவும்.

கணக்கு விடயத்தில் கூச்சம் வேண்டாம். பெக்கோவுக்கு மணித்தியாலக் கணக்கில் கூலி. காலையிலும் மாலையிலும் மீற்றரைப் பார்த்து எழுதி, சாரதியும் அமைப்பில் ஒருவரும் கையொப்பமிட வேண்டும். உழவு இயந்திரத்துக்கு மண் ஏற்றும் இடத்தில் ஒரு துண்டு கொடுத்து, கட்டில் கொட்டும்போது திரும்ப வாங்குங்கள். மாலையில் துண்டை எண்ணினால் எத்தனை பெட்டி என்பதில் வாய்த்தர்க்கம் வராது. அன்றன்றைய செலவைப் பொதுநோக்கு மண்டபப் பலகையில் எழுதுங்கள். பணம் அனுப்பியவர்களுக்கு அந்தப் பலகையின் படத்தையே அனுப்புங்கள்.

வயது குறைவென்று தயங்குகிறீர்கள். ஊரில் மூத்த இரண்டு கமக்காரரையும், இருந்தால் முன்பு வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்ட பழைய வட்ட விதானையையும் கூட்டிக்கொண்டு கட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடவுங்கள். எந்த வருடம் எங்கே உடைத்தது, எங்கே கசிந்தது என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொன்னது கொப்பியில் ஏறிவிட்டால் அந்தத் திட்டம் அவர்களுடையதும் ஆகிவிடும்.

கேள்வி: சிரமதானத்தின் முதல் நாள் 60 பேர் வந்தார்கள். நான்காம் நாள் ஏழு பேர். என்ன செய்யலாம்?
– வாசகர், துணுக்காய்

தம்பி, "எல்லோரும் வாருங்கள்" என்று அழைத்தால் முதல் நாள்தான் எல்லோரும் வருவார்கள். கட்டின் நீளத்தை வயலின் ஏக்கர்க் கணக்குக்குப் பிரித்து, முளை அடித்து, இது இன்னாருடைய பங்கு என்று காட்டிவிடுங்கள். தன் முளைக்கும் அடுத்தவர் முளைக்கும் இடையிலுள்ள புல்லைச் செதுக்காமல் விட எவருக்கும் மனம் வராது. காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு நிறுத்துங்கள். ஆடி வெயிலில் அதற்கு மேல் மனிதரை நிறுத்துவது நியாயமில்லை.

தனித்து நின்று குடும்பம் பார்க்கும் பெண்களும், காயப்பட்டு உடல் இயலாதவர்களும் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்களுடைய பங்கைப் பணமாகக் கேட்காதீர்கள். துண்டு வாங்குவது, பலகை எழுதுவது, தேநீர்க் கணக்கு என்று வேலை இருக்கிறது. நான் கண்டவரை, துண்டுக் கணக்கு ஒரு பெட்டியும் பிழைக்காமல் நின்றது அவர்கள் பார்த்த இடங்களில்தான்.

கேள்வி: பணம் தருபவர் ஆவணியிலேயே திறப்பு விழாவும் பெயர்க்கல்லும் வேண்டும் என்கிறார். கட்டு முடிய இன்னும் இருக்கிறது.
– வாசகர், நெடுங்கேணி

பெயர்க்கல் வைப்பதில் தவறில்லை; உழைத்த பணத்தைத் தருகிறவர். ஆனால் விழாவைத் தை மாதத்துக்குத் தள்ளச் சொல்லி அன்பாகக் கேளுங்கள். ஆவணியில் ஐயனாருக்கு ஒரு பொங்கல் போதும். முதல் மழைத் தூறலோடு புல் பதித்து, அது வேர்பிடித்து, மார்கழியில் குளம் நிரம்பி மேலதிகத் தண்ணீர் வான் வழியே பாய்வதைப் பார்த்த பிறகு அவரையும் கட்டில் ஏற்றி நடத்திக் காட்டுங்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை அவரும் அறிந்திருப்பார். காரணத்தைச் சொன்னால் விளங்கிக்கொள்வார்.

விழாவுக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை அமைப்பின் வங்கிக் கணக்கிலேயே விட்டுவைக்கச் சம்மதம் கேளுங்கள். புதுக் கட்டு முதல் மாரியில் கொஞ்சம் அமிழும். அடுத்த ஆடியில் அந்தப் பள்ளங்களை நிரப்ப நாலைந்து பெட்டி மண்ணாவது தேவைப்படும்.