நூலக ஸ்டிக்கர் ஓவியப் போட்டிக்கு என் மகள் எதை வரைந்தால் பரிசு கிடைக்கும்?

மகள் எட்டாம் வகுப்பு, ஊர் இராமநாதபுரம் பக்கம் கடற்கரை என்று போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் இந்நேரம் பாம்பன் பாலத்தைப் பாதி வரைந்திருப்பாள். சொல்லிக் கொடுத்தது நீங்களாகத்தான் இருக்கும். கோபப்படாதீர்கள், என் அப்பாவும் அதைத்தான் சொன்னார்.

கலாம் ஜனாதிபதியாக இருந்த சமயம். நான் ஒன்பதாவது. எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கும் இதே மாதிரி ஒரு போட்டி வைத்தார்கள். புத்தகத்தின் உள் அட்டையில் ஒட்டுகிற வட்ட ஸ்டிக்கர். பாலம், கலாம், தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயம், இந்த மூன்றையும் கழித்தால் மிச்சம் பத்துப் படம்கூடத் தேறாது. நான் வரைந்தது சங்கு.

ஏன் சங்கு? எங்கள் நூலகம் கடலைப் பார்த்த கட்டடம். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்க ஆரம்பித்தால் மேசையில் ஒரு பேப்பர் நிற்காது, தினத்தந்தியின் நடுப்பக்கம் வாசல்வரை போய்விடும். அதனால் நூலகர் ஒவ்வொரு பேப்பர் மேலும் ஒரு சங்கைத் தூக்கி வைத்திருப்பார். அதில் நாலைந்து எங்க ஐயா கொடுத்தது. ஐயா என்றால் அப்பாவைப் பெற்றவர், கீழக்கரைப் பக்கம் சங்கு குளித்தவர். ஓரம் உடைந்து விலை போகாத சங்குகள். பழுப்புத் தோல்கூட முழுசாகப் போயிருக்காது. ஒன்றின் வாயில் யாரோ பேனா மையைத் துடைத்து வைத்திருந்தார்கள். அந்த மைக்கறையோடு அதை அப்படியே வரைந்தேன்.

நடுவராக வந்தவர், "நூலகத்துக்குப் போய் சங்கா? ஊதிட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்க?" என்றார். கூடமே சிரித்தது. மூன்றாம் பரிசு, ஒரு ஜாமெட்ரி பாக்ஸ்.

முதல் பரிசு பாலத்துக்கு. பொய் சொல்லக்கூடாது, அருமையான படம். கப்பலுக்கு வழிவிட்டு தூக்குப்பாலம் இரண்டாக விரிந்து நிற்க, கம்பி கம்பியாக வரைந்திருந்தான். டிடிபி கடையில் இரண்டு இஞ்ச் வட்டத்துக்குச் சுருக்கியதும் கம்பியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கரிச்சட்டி மாதிரி ஆகிவிட்டது. இரண்டாம் பரிசு கலாம். சுருக்கினால் முடி மட்டும்தான் தெரிந்தது. கடைசியில் தடித்த கோடு, இரண்டே கலர் என்பதால் என் சங்கு அச்சுக்குப் போனது.

அங்கேதான் வினை. எழுத்துப் பக்கம் பார்த்தால்தான் அழகு என்று கடைக்காரத் தம்பி கம்ப்யூட்டரில் படத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றித் திருப்பிப் போட்டுவிட்டார். சங்கை அப்படித் திருப்பினால் வாய் அந்தப் பக்கம் போய்விடும், இடம்புரி வலம்புரியாகிவிடும். ஐநூறும் அடித்து முடித்த பிறகு ஐயாவிடம் காட்டினேன். கையை நீட்டி, எட்டத்தில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏத்தா, நாப்பது வருசம் முங்கியும் என் கையில ஒத்த வலம்புரி சிக்கல. நீ ஐநூறு எடுத்துட்டியே!"

தோற்ற வயிற்றெரிச்சலில் பாலத்தைக் குறை சொல்கிறேன் என்று யாராவது கிளம்புவீர்கள். 1914-ல் திறந்த அந்தப் பழைய பாலத்தில் ரயில் போனபோதெல்லாம் நானும் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டவள்தான். 2025-ல் திறந்த புதுப் பாலத்திலும் போய் வந்தாயிற்று. ஸ்டிக்கருக்கு ஆகாது என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. நாமும் வருஷா வருஷம் கட்டுகிறோம். எங்கள் நூலகத்தின் கடல் பக்கத்து ஜன்னலுக்கு நான் பள்ளி முடிக்கும்வரை ஒரு கொக்கி வரவில்லை. கொக்கி இருந்திருந்தால் பேப்பர் மேல் சங்கே வைத்திருக்க வேண்டாம். கேட்டால் "எழுதிப் போட்டிருக்கோம்" என்பார்கள்.

சரி, உங்கள் மகளுக்கு. ஒரு சாயங்காலம் அவளை அந்த நூலகத்தில் உட்கார வையுங்கள், நீங்கள் வெளியே நில்லுங்கள். அங்கே அவள் கண்ணில் எது படுகிறதோ அதை வரையட்டும். வரைந்ததை ஜெராக்ஸ் கடையில் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, நாலடி தள்ளி வைத்துப் பாருங்கள். என்னவென்று தெரிந்தால் அனுப்புங்கள். பரிசுக்கு நான் பொறுப்பில்லை. தேர்வாகிவிட்டால் அச்சடிக்கிற அன்றைக்குக் கடைக்குக் கூடவே போங்கள்.