ஏழாம் தீர்மானம் ஏன் ஒன்றாம் தீர்மானம் ஆனது?

வாசகர்களின் கணினிக் கேள்விகளுக்கு, பாம்பனில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் நாட்டுப்படகு மீனவர் சங்கத் தீர்மானங்களை லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் அடித்து, வேர்டின் கோப்பு வடிவமான டாக்எக்ஸாகச் சேமித்து மதுரை வக்கீலுக்கு அனுப்பினேன். அவர் வேர்டில் திறந்தால் ஏழாவது தீர்மானத்துக்கு 1 என்று காட்டுகிறதாம். ‘தீர்மானம் 4-இல் கண்டபடி’ என்று உள்ளே எழுதியதெல்லாம் கேலிக்கூத்தாகிவிட்டது. என் கணினியில் சரியாகத்தான் இருக்கிறது. யார் மேல் குற்றம்?
– சங்கச் செயலாளர், தங்கச்சிமடம்

பதில்: வக்கீல் மேல் இல்லை அண்ணே. உங்கள் மேலும் முழுசாக இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, என் கடைக்கு மனு அடிக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதே வழக்குதான்.

திரையில் தெரிகிற அந்த 7, கோப்புக்குள் எங்கும் எழுதப்படவில்லை. படகின் பக்கத்தில் பெயிண்டால் எழுதிய பதிவு எண் மாதிரி அல்ல அது. கடலுக்குப் போகிற அன்றைக்கு வரிசையில் வாங்குகிற டோக்கன் மாதிரி. கோப்பைத் திறக்கிற மென்பொருள்தான் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எண்ணிப் போடுகிறது. சந்தேகமென்றால் டாக்எக்ஸை ஒரு நகல் எடுத்து, பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். டாக்குமெண்ட் என்றொரு எக்ஸ்எம்எல் கோப்பு, நம்பரிங் என்று இன்னொன்று இருக்கும். எண் போட்ட பத்தியில் இருப்பது இரண்டே குறிப்பு: எந்தப் பட்டியல், எந்த மட்டம் (1-ஆ, 1.1-ஆ).

லிப்ரே ஆபிஸின் சொந்த வடிவமான ஓடிடி வேறு வழியில் போகிறது. பட்டியலுக்குள் பட்டியலாக அடுக்கும். இடையில் எண்ணில்லாத பத்தி வந்தால் பட்டியல் அங்கே முடிந்துவிடும். அடுத்தது ‘முந்தியதைத் தொடர்க’ என்ற குறிப்போடு தொடங்கும். உங்கள் தீர்மானம் ஒவ்வொன்றின் கீழும் ‘முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்’ என்று இரண்டு வரி இருக்குமே, அங்கேதான் சிக்கல். ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அந்தத் தொடர்ச்சி அறுந்திருக்க வேண்டும். ஓடிடி 2006-இலும் டாக்எக்ஸ் 2008-இலும் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமாகிவிட்டன. ஆனாலும் எண் போடுவதில் இரண்டுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

வக்கீல் ரைட் கிளிக் செய்து ‘கன்டினியூ நம்பரிங்’ கொடுத்தால் அப்போதைக்குச் சரியாகும், அடுத்த திருத்தத்தில் மறுபடி கிளம்பும். எண் போடும் வேலையைத் தலைப்பு ஸ்டைலிடம், அதாவது பெயர் வைத்துச் சேமித்த வடிவமைப்பிடம், ஒப்படையுங்கள். டூல்ஸ் மெனுவில் ஹெட்டிங் நம்பரிங் (பழைய பதிப்பில் சாப்டர் நம்பரிங்). லெவல் 1-க்கு ஹெட்டிங் 1 என்றிருக்கும். 1, 2, 3 வகை எண்ணைத் தேர்ந்தெடுத்து, ‘பிஃபோர்’ கட்டத்தில் ‘தீர்மானம்’ என்று அடித்து ஓர் இடம் விடுங்கள். பிறகு ஒவ்வொரு தீர்மானத்தின் தலைவரியிலும் கர்சரை வைத்து கன்ட்ரோல்+1. முன்மொழிந்தவர் வரிகள் சாதாப் பத்தியாகவே கிடக்கட்டும். எத்தனை பத்தி குறுக்கே வந்தாலும் தலைப்பின் எண்ணிக்கை அறாது. வேர்டில் இதே வேலைக்கு மல்ட்டிலெவல் லிஸ்ட்டில் ‘லிங்க் லெவல் டு ஸ்டைல்’.

‘தீர்மானம் 4’ என்று உள்ளே வருவதையும் கையால் அடிக்காதீர்கள். இன்சர்ட் மெனுவில் கிராஸ் ரெஃபரன்ஸ் போட்டால், இடையில் ஒரு தீர்மானம் நுழைந்தாலும் எஃப்9 அழுத்தியதும் எண் தானே மாறும். கையெழுத்துக்குப் போகிற பிரதி பிடிஎஃப்பாகப் போகட்டும்.

கேள்வி: மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ப்ராஜெக்ட் எழுதுகிறேன். தலைப்புகளைப் பெரிதாக்கி போல்டு செய்திருக்கிறேன். ஆனால் வேர்டில் பொருளடக்கம் எடுத்தால் ஒன்றுமே வரவில்லை.
– கல்லூரி மாணவி, கீழக்கரை

பதில்: ‘மரிக்கொழுந்துப் பாசி’ என்ற தலைப்பும் அதன் கீழுள்ள பத்தியும் வேர்டுக்கு ஒரே ரகம்தானம்மா. போல்டு போட்டதை அது கணக்கில் எடுப்பதில்லை, ஹெட்டிங் ஸ்டைல் கொடுத்ததைத்தான் பொருளடக்கத்தில் சேர்க்கும். ஒரு தலைப்பில் கர்சரை வைத்து, ஹோமில் ‘செலக்ட்’ பட்டனின் கீழ் ஒரே மாதிரி வடிவமுள்ளதையெல்லாம் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அதைக் கொடுத்து கன்ட்ரோல்+ஆல்ட்+1 அடித்தால் எல்லாம் ஹெட்டிங் 1 ஆகும். உட்தலைப்புக்கு 2. கையால் அடித்த 1.1, 1.2 இருந்தால் அழித்துவிடு, இல்லாவிட்டால் பின்னால் தானாக எண் போடும்போது இரட்டையாக வரும். தமிழ் எழுத்தின் அளவையும் தடிப்பையும் ஸ்டைலுக்குள் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற தனிக் கட்டத்தில் மாற்ற வேண்டும். மேலே உள்ள கட்டம் ஆங்கிலத்துக்கு.

கேள்வி: 1 போட்டு புள்ளி வைத்தாலே வேர்டு தானாகப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறது. நிறுத்த முடியாதா?
– வாசகர், தொண்டி

பதில்: அந்த நிமிடமே கன்ட்ரோல்+இசட் அடியுங்கள், எண் நிற்கும், பட்டியல் போய்விடும். அடியோடு நிறுத்த ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய், ‘ஆட்டோஃபார்மேட் அஸ் யூ டைப்’ பக்கத்தில் எண் பட்டியலுக்கான டிக்கை எடுங்கள். சின்ன மனு, ரசீது மட்டும் அடிப்பவர் தாராளமாக எடுக்கலாம். சங்க வேலை பார்க்கிறவராக இருந்தால் விட்டுவையுங்கள்.