வீட்டிலேயே பாட்டுப் பதிவு: லேப்டாப்பைத் தயார் செய்வது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

வேலூரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள பழைய வட ஆர்க்காட்டு ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில், வீட்டு ஒலிப்பதிவு பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நான் வீட்டில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் 8 ஜிபி ரேமும் சாதாரண ஹார்டு டிஸ்க்கும் உள்ள பழைய விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது. சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு, ஹெட்செட் மைக்கில் பாடிப் பதிவு செய்தால், என் குரல் எனக்கே தாமதமாகக் கேட்கிறது. நடுநடுவே படபடவென்று வெடிக்கும் சத்தமும் வருகிறது. கடைக்காரர் ஒரு லட்சம் ரூபாய்க்குப் புது லேப்டாப் வாங்கினால்தான் சரியாகும் என்கிறார். வாங்கிவிடலாமா, ஐயா?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: வேண்டாம், அம்மா. நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் லேப்டாப்பின் வயது அல்ல. புது லேப்டாப்பையும் இதே மாதிரி, இதே ஹெட்செட்டோடு பயன்படுத்தினால், அதிலும் குரல் தாமதமாகத்தான் கேட்கும்.

மைக்கில் நுழையும் குரலை லேப்டாப் அந்தந்தக் கணத்திலேயே கையாள்வதில்லை. சிறு சிறு துண்டுகளாகச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. அந்தத் துண்டின் அளவைத்தான் பஃபர் என்கிறோம். ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எடுக்கும் (ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள்) அமைப்பில் பஃபரை 1024 சாம்பிள் என்று வைத்தால், ஒரு வழிக்கே 23 மில்லிசெகண்டு ஆகிவிடும். உள்ளே போக ஒரு முறை, வெளியே வர ஒரு முறை என்று அது இரட்டிப்பாகும். 128 என்று வைத்தால் ஒரு வழிக்கு 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு. காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே ஏறத்தாழ 3 மில்லிசெகண்டு பிடிக்கும் என்பதால், மொத்தத் தாமதம் 10 மில்லிசெகண்டுக்குள் அடங்கினால், மேடையில் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரரைக் கேட்டுக்கொண்டு பாடுவதைப் போலத்தான் இருக்கும். பெரும்பாலோருக்கு அது உறுத்தாது. ஆனால், தம் குரலையே திரும்பக் கேட்டுப் பாடுகிறவர்களுக்கு அந்தச் சிறு தாமதமும் சங்கடம் தரக்கூடும். அவர்களுக்கு வேறு வழி உண்டு, கீழே சொல்கிறேன்.

இனி அந்தப் படபடப்பு. ஒவ்வொரு துண்டுக்கும் உரிய கணக்கை அடுத்த துண்டு வந்து சேர்வதற்குள் லேப்டாப் முடித்துவிட வேண்டும். ஒரே ஒரு துண்டு பிந்தினாலும் அந்த இடத்தில் ஒலி அறுந்து வெடிக்கும். ஆகவே, லேப்டாப் மொத்தத்தில் எவ்வளவு வேகமானது என்பதைவிட, நடுவில் யாரும் குறுக்கிடாமல் இருக்கிறார்களா என்பதே முக்கியம். குறுக்கிடுவதில் முதல் இடம் பெரும்பாலும் வைஃபைக்குத்தான். பதிவு செய்யும்போது வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிடுங்கள். பவர் அமைப்பில் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, யு.எஸ்.பி. இணைப்பை அவ்வப்போது உறங்க வைக்கும் வசதியையும் நிறுத்துங்கள். விண்டோஸ் அப்டேட்டை ஒத்திவையுங்கள். கோப்புகளைத் தானாக இணையத்தில் ஏற்றும் செயலிகளை மூடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் வந்தால், லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைச் சில நிமிடங்கள் ஓடவிட்டுப் பாருங்கள்; எந்த டிரைவர் (கருவிகளை இயக்கும் சிறு மென்பொருள்) தொல்லை தருகிறது என்பதைப் பெயரோடு காட்டிக்கொடுக்கும்.

பணம் செலவழிக்க வேண்டிய முதல் இடம், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ். இரண்டு மைக் செருகக்கூடிய சிறிய பெட்டி போதும். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கேற்றவை பத்தாயிரம் ரூபாய்க்குள்ளும் கிடைக்கின்றன. அதை வாங்கும்போது அதற்கென்றே தயாரிப்பாளர் தரும் ‘ஆசியோ’ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கிய இந்த முறை, விண்டோஸின் வழக்கமான ஒலிப்பாதையைத் தவிர்த்துவிட்டு நேராகச் செல்வதால்தான் பஃபரைக் குறைத்து வைக்க முடிகிறது. அந்தப் பெட்டியிலேயே ‘டைரக்ட் மானிட்டர்’ என்ற பொத்தானும் இருக்க வேண்டும். அதை அழுத்தினால் உங்கள் குரல் லேப்டாப்புக்குள் போய் வராமல், பெட்டியிலிருந்தே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். தாமதம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. பாடுகிறவர்களுக்கு என்று நான் சொன்ன வழி இதுதான். புளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். அதன் தாமதம் பொதுவாக 100 மில்லிசெகண்டைத் தாண்டும்.

அடுத்த செலவு, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவது. ரேமை 16 ஜிபி ஆக்குவது அதற்கும் பிறகுதான். வீணை, தபலா, வயலின் கூட்டம் என்று சாம்பிள் வாத்தியங்களை (நிஜ வாத்தியங்களைப் பதிந்து, மென்பொருளில் வாசிக்கும்படி செய்தவை) ஏற்றி இசையமைக்கத் தொடங்கும்போது அது தேவைப்படும். சில லேப்டாப்களில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும்; பணம் கொடுக்கும் முன் அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருப்பதால், லாரி ஹாரன் ஓயாது. உங்களுக்கு, தூரத்து மெல்லிய சத்தத்தையும் பிடித்துவிடும் கண்டென்சர் மைக்கைவிட, அவ்வளவு கூர்மையில்லாத டைனமிக் மைக்கே ஏற்றது; நான்கு விரற்கடை தூரத்தில் வைத்துப் பாடினால் தெருச் சத்தம் பின்னுக்குப் போய்விடும். மைக்கின் ஒலியளவைக் கூட்டும் கெயினைத் திருகும்போது மந்திர ஸ்தாயியில் முணுமுணுத்துப் பார்த்து வைக்காதீர்கள். தார ஸ்தாயி பஞ்சமத்தை முழுக் குரலில் பிடித்து, அப்போது மீட்டர் –12 டெசிபெலைத் தாண்டாதபடி வையுங்கள். 24 பிட்டில் பதிவு செய்வதால், அளவு குறைவாக இருக்கிறதே என்று அஞ்ச வேண்டியதில்லை, பிறகு உயர்த்திக்கொள்ளலாம். உச்சியில் உடைந்த குரலை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

கேள்வி: இன்டர்ஃபேஸ், கண்டென்சர் மைக் எல்லாம் வாங்கிவிட்டேன். லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ‘ங்ங்’ என்று இரைச்சல் வருகிறது. லேப்டாப்பின் உலோகப் பகுதியில் கை வைத்தால் இரைச்சல் மாறுகிறது. மைக் கெட்டுவிட்டதா? பக்கத்து வீட்டில் தறி ஓடுவதால் இருக்குமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: மைக் நன்றாகவே இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், அது மின்சாரத்தின் வழியாக வருவது என்பது உறுதி. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும்தான் உங்களுக்கு ‘ங்ங்’ என்று கேட்கின்றன. கை பட்டதும் இரைச்சல் மாறுகிறது என்றால் எர்த் சரியில்லை என்றே சந்தேகிக்க வேண்டும்.

இதை அலட்சியம் செய்யாதீர்கள். ஒலிக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும் சொல்கிறேன். ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்து, பிளக் பாயிண்ட்டில் எர்த் உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா, வீட்டு எர்த் குழி நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துக் கோடையில் மண் காய்ந்து வெடித்துவிடுவதால் எர்த் குழியின் தடை ஏறிவிடுகிறது. குழியில் தண்ணீர் ஊற்றி வைக்கும் பழக்கம் அதற்காகத்தான் வந்தது. இரண்டு முள் சார்ஜரானால், அந்த லேப்டாப்புக்கு உரிய மூன்று முள் சார்ஜர் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். இரைச்சலைப் போக்க எர்த் முள்ளை உடைத்துவிடச் சொல்லும் யோசனை பல இடங்களில் உலவுகிறது. தயவுசெய்து அதைச் செய்யவே கூடாது.

லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மைக்குக்கு மூன்று முள் எக்ஸ்.எல்.ஆர். கேபிளே போடுங்கள். மின்வெட்டின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும் வீடானால், அந்த நேரத்தில் பேட்டரியில் மட்டும் பதிவு செய்யுங்கள்; அதன் கரகரப்பு எங்கும் புகும்.

தறியின் சத்தம் வேறு வகை. அது கம்பி வழியாக வராது. தரை வழியாக வரும். மைக் ஸ்டாண்டின் அடியில் கம்பளியை நாலாக மடித்துப் போடுங்கள். குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும் ஃபில்டரையும் போடலாம். ஆனால், மிருதங்கம் பதிவு செய்யும்போது அதை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அதன் இடப்பக்கமான தொப்பியின் கும்காரமும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: மே மாதத்தில் மதிய வேளையில் லேப்டாப் தடுமாறுகிறது, அதன் விசிறிச் சத்தம் பதிவிலும் விழுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், காட்பாடி

பதில்: வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது லேப்டாப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், தடுமாற்றம் அதனால்தான். பின்பக்கம் இரண்டு விரல் உயர்த்தி வையுங்கள், வருடத்துக்கு ஒரு முறை உள்ளே தூசி எடுக்கச் சொல்லுங்கள், எஃபெக்ட் போட்டு முடித்த டிராக்குகளை ‘ஃபிரீஸ்’ செய்துவிடுங்கள் (எஃபெக்டை மறுபடி மறுபடி கணக்குப் போடாதபடி பதிந்து வைப்பது). கார்டியாய்ட் வகை மைக்குக்குப் பின்புறம்தான் காது மந்தம். எனவே மைக்கின் முதுகு லேப்டாப்பைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். பதிவுக்கு விடியற்காலையை வைத்துக்கொண்டு, வெட்டி ஒட்டும் வேலையைப் பகலில் செய்யுங்கள்.

கேள்வி: என் தந்தையார் தெருக்கூத்து வாத்தியார். அறுபது வயதைக் கடந்துவிட்டார். அவர் பாடும் பாட்டுகளை, முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியத்துடன் வீட்டிலேயே பதிவு செய்து வைக்க ஆசைப்படுகிறேன். என்னிடம் இரண்டு மைக் போடும் இன்டர்ஃபேஸ் உள்ளது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக, சீராகத் தட்டும் மெட்ரோனோம் வைத்துப் பதிவு செய்யலாம் என்று நண்பர் சொல்கிறார்.
– வாசகர், ஆரணி அருகில் ஒரு கிராமம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். இதைத் தள்ளிப்போடாதீர்கள், இந்தப் பங்குனி, சித்திரைக்குக் காத்திராமல், கூத்து இல்லாத நாள்களிலேயே தொடங்கிவிடுங்கள்.

மெட்ரோனோம் வேண்டாம். கூத்தில் காலம் ஒரே சீராக ஓடுவதில்லை. வேடக்காரர் அடவை முடிக்கும் வரை மிருதங்கம் காத்திருக்கும், விருத்தத்தில் தாளமே நின்றுவிடும், பின்பாட்டுக்காரர் வாங்கிக்கொள்ளும் இடத்தில் காலம் தூக்கிக்கொடுக்கும். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசித்தால்தான் இதெல்லாம் நிகழும். ஆகவே எல்லோரையும் ஒரே கூடத்தில், கூத்தில் உட்காரும் முறையிலேயே உட்கார வைத்து, ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள்.

ஒரு மைக் உங்கள் தந்தையாருக்கு. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில். மற்றொன்று மேளக்காரர்களுக்குப் பொதுவாக. ஒரே ஒலி இரண்டு மைக்கிலும் சற்று முன்பின்னாக விழுந்தால் ஒன்றையொன்று அரித்து, குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதைப் போல ஆகிவிடும். அதைத் தவிர்க்க, மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்காவது இரண்டு மைக்குகளுக்கும் இடையே இருக்கட்டும். முகவீணை சிறிய கருவியானாலும் அதன் ஒலி அம்பு போலப் பாயும். அதை வாசிப்பவரை இரண்டாவது மைக்கிலிருந்து எட்டடி தள்ளி, நேராகப் பாராமல் ஒதுங்கி உட்காரச் சொல்லுங்கள். மிருதங்கத்தை அருகிலும் ஆர்மோனியத்தை நடுவிலும் வைத்து, மேளக்கட்டு முழுவதையும் ஒரு முறை வாசிக்கவைத்துக் கேளுங்கள். எது மிகுகிறதோ அதை வாசிப்பவரை நகர்த்துங்கள். மென்பொருளில் திருத்திக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், இரண்டு டிராக்கில் அதற்கு வழியில்லை.

குரலைச் சுருதிக்கு இழுத்துத் திருத்தும் மென்பொருளை இந்தப் பதிவின் பக்கமே அண்டவிடாதீர்கள். இரவு முழுதும் பாடிப் பழுத்த தொண்டையின் கரகரப்பும், சுரத்தை எட்டிப் பிடிக்கும் அந்த இழுப்பும்தான் பின்னால் வருகிறவர்கள் கற்க வேண்டியவை.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும், எந்தக் கூத்து, எந்தக் கட்டம், எந்த வேடத்தின் பாட்டு, பாடுபவர், வாசிப்பவர்கள் யார், தேதி என்ன என்பதைத் தந்தையாரின் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்யுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போகலாம். குரலில் உள்ள விவரம் போகாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் ஒரு டிராக் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 எம்பி பிடிக்கும். இரண்டு டிராக்கில் ஒரு மணி நேரம் என்றால் சுமார் 1 ஜிபி. இடம் ஒரு பொருட்டே இல்லை. எம்.பி.3 ஆக்காமல் வேவ் கோப்பாகவே வைத்து, இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்குகளில் நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைத்திருங்கள்.

கேள்வி: பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப்தான் என்னிடம் இருக்கிறது. அதில் கிட்டாரும் குரலும் பதிவு செய்ய முடியுமா? எந்த மென்பொருள் போடுவது?
– மாணவர், வாலாஜாபேட்டை

பதில்: முடியும், தம்பி. இரண்டு டிராக்கை 24 பிட்டில் பதிவு செய்ய நொடிக்கு 265 கிலோபைட் அளவே வட்டில் எழுத வேண்டும்; பழைய லேப்டாப்புக்கும் அது சுமையல்ல. சுமை ஏறுவது எஃபெக்ட் போடும் துணை மென்பொருள்களான பிளகின்களாலும் சாம்பிள் வாத்தியங்களாலும்தான், அவற்றைக் குறைத்துக்கொள்.

விண்டோஸ் மிக மெதுவாக ஓடினால் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டு, ஆர்டர் (Ardour) என்ற திறமூலப் பதிவு மென்பொருளைப் பயன்படுத்தலாம். அப்படியானால், தனி டிரைவர் இல்லாமலே ஓடும் ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ வகை இன்டர்ஃபேஸாகப் பார்த்து வாங்கு. விண்டோஸிலேயே இருப்பதானால் ரீப்பர் (Reaper) என்ற பதிவு மென்பொருள் நல்லது. நிறுவும் கோப்பு சிறியது, 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமத்தைக் குறைந்த விலைக்கே தருகிறார்கள். கிராக் செய்த மென்பொருளைப் பென் டிரைவில் யார் கொடுத்தாலும் வாங்காதே. அதோடு வரும் வைரஸ் நீ பதிந்து வைத்த பாட்டுகளையும் சேர்த்து அழித்துவிடக்கூடும். முதலில் ஒரே ஒரு பாட்டை, பஃபர் 256இல் வைத்து, கிட்டாரை ஒரு டிராக்கிலும் குரலை மற்றொன்றிலும் பதிவு செய்து பார். வெடிப்புச் சத்தம் இல்லையென்றால் 128க்கு இறங்கு. வந்தால் 512க்கு ஏற்றிவிட்டு, டைரக்ட் மானிட்டரில் கேட்டுக்கொண்டு பாடு.