புதியவரை ஏன் முறைக்கிறார்கள்? சமூக வலைத்தளப் பழக்கவழக்கம் பற்றிக் கேள்வி பதில்

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கிறது எங்கள் ஊர். பெஸ்தாரி ஜெயா என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் எங்கள் ஆட்களுக்கு ஊர் மாதிரி இருக்கும். இங்கே ஓய்வு நேரத்தில் கைப்பேசி, கணினி சொல்லிக் கொடுக்கிறேன். "புதுசா ஓர் இடத்தில் சேர்ந்தேன், வந்ததுமே கண்டித்துவிட்டார்கள்" என்று பலரும் சொல்லிக்கொண்டே இருந்ததால், ஊர்ப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு மாலை முழுக்கக் கேள்விகளை வாங்கினேன். அவற்றில் சில இங்கே.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): ட்விட்டர் மாதிரி இருக்கும் மாஸ்டடோன் என்ற வலைத்தளத்தில் சேர்ந்து எங்கள் தோட்டத்துத் தீமிதிப் படத்தைப் போட்டேன். முதலில் வந்த பதிலே "படத்துக்கு விளக்கம் எழுதவும்" என்பதுதான். ஒரு வணக்கம்கூட இல்லை. நான் செய்தது தப்பா?

பதில்: தப்பு இல்லை டீச்சர். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பார்வையற்றவர்களின் கைப்பேசி எழுத்தை வாசித்துக் காட்டும். படத்தில் என்ன இருக்கிறது என்று நாம் எழுதாவிட்டால், 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடும். மாஸ்டடோனில் ஒவ்வொரு படத்துக்கும் 1500 எழுத்து வரை விளக்கம் எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள், அப்படி வாசித்துக் காட்டும் செயலிகளான ஆண்ட்ராய்டின் டாக்பேக்கும் கணினியின் என்விடிஏவும் தமிழ் வாசிக்கும். இப்படி எழுதினால் போதும்: "மாரியம்மன் கோயில் திடல். மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவர் தலையில் கரகத்தோடு பூக்குழியில் இறங்குகிறார். இரண்டு பக்கமும் கூட்டம், பின்னால் செம்பனை மரங்கள்."

குறை எங்கே என்றால், காரணத்தைச் சொல்லாமல் சட்டத்தை மட்டும் சொன்னதில். "பார்வையற்ற நண்பர்கள் இங்கே நிறையப் பேர், அவர்களுக்கும் உங்கள் திருவிழாவைக் காட்டுங்களேன்" என்று கேட்டிருந்தால் நீங்கள் சந்தோஷமாக எழுதியிருப்பீர்கள்.

இன்னொன்று. அங்கே ஹேஷ்டேக்கில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாகப் போடச் சொல்வார்கள். வாசிக்கும் செயலி சொற்களைப் பிரித்து உச்சரிப்பதற்காக. தமிழில் பெரிய எழுத்து ஏது? நடுவில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்: #தோட்டத்_திருவிழா. யாராவது கேட்டால் இதையே பதிலாகச் சொல்லுங்கள்.

கேள்வி: அங்கே இருக்கிறவர்களுக்கு ஏன் அவ்வளவு எரிச்சல்?

பதில்: 2022 அக்டோபர் கடைசியில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கினார். மாஸ்டடோனில் மாதந்தோறும் புழங்கியவர்கள் அதற்கு முன் சுமார் 3 லட்சம் பேர். நவம்பருக்குள் அது 25 லட்சம் ஆனது. 2016-இலிருந்து சிறிய கூட்டமாக, தங்களுக்குள் பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டு இருந்தவர்கள் அவர்கள். வந்தவர்களுக்கு அந்தப் பழக்கங்கள் தெரியாது, இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே அலுத்துவிட்டது.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், புதிதாகக் குடிவந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். பொதுப் பைப்படியில் எந்த வீட்டுக்கு எப்போது முறை என்று எங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். முறை தவறிக் குடம் வைத்த பிறகுதான் சத்தம் வரும். சத்தம் போடுகிற அக்காவுக்கு நம்மேல் பகை எதுவும் இருக்காது, அவரிடம் அதற்கு முன் பத்துப் பேர் அப்படி வைத்திருப்பார்கள்.

கேள்வி: என்னை யாரும் திட்டவில்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் குறை. பத்துப் பதிவு போட்டும் ஒரு லைக் இல்லை.

பதில்: ஒதுக்கவில்லை தம்பி, உங்களை அவர்களுக்குத் தெரியவே இல்லை. முகநூலில் நம் பதிவை எடுத்துக்கொண்டு போய் நாலு பேரிடம் காட்ட ஒரு கணக்கீடு இருக்கிறது. மாஸ்டடோனின் முகப்பில் அது கிடையாது, பின்தொடர்கிறவர்களின் பதிவுகள் நேர வரிசையில் வரும், அவ்வளவுதான். விருப்பக் குறி போட்டால் எழுதியவருக்கு அறிவிப்புப் போகும், பதிவு நகராது. மறுபகிர்வு செய்தால்தான் அடுத்தவர் கண்ணில் படும். ஆகவே ஹேஷ்டேக் போடுங்கள், சேர்ந்த அன்றே ஓர் அறிமுகப் பதிவு எழுதுங்கள், மற்றவர்களுக்குப் பதில் எழுதுங்கள்.

கேள்வி (கோலாலம்பூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண்): வாடகை அறை கேட்டு ஃபோன் செய்தேன். 'இந்தியருக்குக் கொடுப்பதில்லை' என்று வைத்துவிட்டார்கள். அதை மாஸ்டடோனில் எழுதினேன். ஒருவர் வந்து, 'இதை எச்சரிக்கைக்குப் பின்னால் மறைத்துப் போடுங்கள், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்கிறார். அண்ணே, கஷ்டம் எனக்கா அவருக்கா?

பதில்: உங்களுக்குத்தான் தங்கச்சி. இதில் நான் நடுநிலை பேசப் போவதில்லை.

அந்த எச்சரிக்கை வசதியே நல்ல வசதி. மேலே ஒரு வரி மட்டும் தெரியும், விருப்பப்பட்டவர் தொட்டுத் திறந்து மீதியைப் படிப்பார். விபத்துப் படம், தற்கொலைச் செய்தி இவற்றுக்கெல்லாம் நானே போடுவேன், நீங்களும் போடுங்கள். ஆனால் ஒருவர் தாம் பட்ட அவமானத்தைச் சொல்லும்போது அதை மூடி வை என்றால், அது நாசூக்காகச் சொன்ன 'வாயை மூடு' தான். 2022-இல் ட்விட்டரிலிருந்து வந்த கறுப்பினத்தவர் பலர் இதே புகாரைச் சொன்னார்கள். இனவெறி பற்றி எழுதியபோதெல்லாம் மறைக்கச் சொன்னார்கள் என்று சிலர் வெளியேறியும் போனார்கள்.

நான் பார்க்கிறது ஒன்றுதான்: இந்தப் பழக்கத்தால் யாருக்கு லாபம்? பட விளக்கத்தால் பார்வையற்றவருக்கு லாபம், நமக்கு ஒரு நிமிட வேலை. செய்துவிடலாம். உங்கள் பதிவை மறைத்தால், ஏற்கெனவே வசதியாக இருப்பவருக்கு இன்னும் வசதி, செலவு மட்டும் உங்களுடையது. அவருக்குப் படிக்க வேண்டாம் என்றால் அவர் பக்கத்திலேயே சொல் வடிகட்டி போட்டுக்கொள்ளலாம், அந்த வசதி இருக்கிறது. மறுபடியும் வந்தால் முடக்கிவிடுங்கள். மாஸ்டடோன் ஒரே இடம் இல்லை, வெவ்வேறு ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் சேர்ந்தது. நீங்கள் இருக்கும் சர்வரை நடத்துகிறவரும் அவர் பக்கம் பேசினால் வேறு சர்வருக்கு மாறுங்கள். பின்தொடர்கிறவர்கள் உங்களோடு வருவார்கள், பழைய பதிவுகள் மட்டும் அங்கேயே தங்கிவிடும்.

கேள்வி (ஓய்வு பெற்ற மண்டோர், அதாவது தோட்டக் கங்காணி): பேரன் என்னைப் பழைய மாணவர் புலனக் குழுவில் சேர்த்துவிட்டான். காலையில் பூப்படமும் 'இனிய காலை வணக்கம்' செய்தியும் அனுப்புவேன். அட்மின் 'இங்கே போடக்கூடாது' என்று எல்லார் முன்னாலும் எழுதிவிட்டார். என் வயசுக்கு இது தேவையா?

பதில்: தேவையில்லை ஐயா. உங்களுக்குத் தனியாக ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். ஆனால் அவர் கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு புலனக் குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். அதில் ஐம்பது பேர் பூ அனுப்பினாலே, ஒருவர் வீட்டுத் துக்கச் செய்தி, எடுக்கிற நேரம், எல்லாம் மேலே போய் மறைந்துவிடும். இரவு ஷிப்ட் முடித்துப் படுத்த பிள்ளைகளுக்கு ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும். பூவை உங்கள் செட்டு ஆட்களுக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் பழைய தோட்டக் கதை எழுதுங்கள், பால்மரம் வெட்டிய காலத்துப் படம் இருந்தால் போடுங்கள். அதை அட்மினே நாலு பேருக்கு அனுப்புவார்.

கேள்வி (படிவம் 5 மாணவன்): தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் தோட்டப் பள்ளி பற்றி எழுதினேன். நீக்கிவிட்டார்கள்.

பதில்: மேற்கோள் இருந்ததா? படம் வேறு தளத்திலிருந்து எடுத்ததா? பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். தமிழ் விக்கிப்பீடியா 2003-இலிருந்து இருக்கிறது, அங்கே 'எனக்குத் தெரியும்' என்பது ஆதாரம் ஆகாது. பள்ளி ஆண்டு மலர், நாளிதழ்ச் செய்தி என்று தேடி எடுத்துக்கொண்டு, முதலில் மணல்தொட்டி என்கிற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சந்தேகத்தை ஒத்தாசைப் பக்கத்தில் கேட்கலாம்.

கேள்வி: ரெட்டிட்டில் என் பதிவு ஒரு நொடியில் காணோம்.

பதில்: தூக்கியது இயந்திரமாக இருக்கும். விளம்பரக் கணக்குகளைத் தடுக்க, புதிய கணக்கையும் குறைந்த கர்மாவையும் (மற்றவர் வாக்கால் சேரும் மதிப்பெண்) பல குழுக்கள் தானாகவே நிறுத்திவிடும். சில நாள் மற்றவர் பதிவில் பேசிவிட்டு வாருங்கள்.

கேள்வி: வந்த இடத்தில் பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டு நடந்தால் என்ன குறைந்துவிடும்? எல்லாரையும் தாங்க வேண்டுமா?

பதில்: யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களின் காலத்திலும் இதே பேச்சுதான். வருஷா வருஷம் செப்டம்பரில் கல்லூரிப் புதுமுகங்கள் வருவார்கள், பழையவர்கள் திட்டித் திட்டிப் பழக்குவார்கள், கொஞ்ச நாளில் அடங்கிவிடும். 1993-க்குப் பிறகு பொதுமக்களும் வரத் தொடங்கி வரவு நிற்கவே இல்லை. அதற்கு 'முடியாத செப்டம்பர்' என்றே பேர் வைத்தார்கள். நாலு பேர் வரும்போது திட்டு வேலை செய்யும், லட்சம் பேர் வரும்போது செய்யாது. கேட்டு நடக்கலாம் அண்ணே, எதைக் கேட்கிறோம் என்று தெரிந்தால்.

கேள்வி (ஒரு குழு அட்மின்): அப்படியானால் நாங்கள் எப்படிச் சொல்வது? விதிகளை எழுதி ஒட்டியிருக்கிறோம், யாரும் படிப்பதில்லை.

பதில்: இருபது விதி ஒட்டினால் நானும் படிக்க மாட்டேன். கணினி நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2018-இல் 'புதியவர்களை நாம் சரியாக வரவேற்பதில்லை' என்று வெளிப்படையாகவே எழுதியது. பிறகு புதியவர் கேள்வியின் கீழ் 'இவர் புதிது' என்று ஒரு குறி வைத்தார்கள், பதில் சொல்கிறவர் கொஞ்சம் நிதானிப்பதற்காக. உங்கள் குழுவில் அந்த வசதி இல்லை. அதனால் சேர்கிறவருக்கு நீங்களே தனிச் செய்தி அனுப்புங்கள், மூன்று விஷயம் போதும், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு. யாராவது மீறினால் முதல் தடவை தனியாகச் சொல்லுங்கள். பொதுவில் கண்டிப்பதை மோசடிக்காரர்களுக்கும் கடன் விளம்பரக்காரர்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மண்டோர் ஐயாவுக்கு இன்று இரவே ஒரு ஃபோன் போட்டுவிடுங்கள்.