பழைய விண்வெளிப் படங்களை இன்னமும் எதற்காகப் பார்க்கிறீர்கள்?

"அந்தக் காலத்து அறிவியல் புனைகதைப் படங்களில் கிராபிக்ஸும் கிடையாது, கதையும் ஆமை மாதிரி நகருது, அப்புறம் எதுக்கு இப்படிக் கொண்டாடுறீங்க, பார்க்கிறதா இருந்தா எதிலிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொண்டாடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன், அதனால் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு காட்சி. ஸ்டான்லி குப்ரிக் 1968இல் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யில் விண்கலத்தில் போகிற ஒருவர் சீட்டிலேயே அசந்து தூங்கிவிடுவார். அவர் கையை விட்டு நழுவிய பேனா அந்தரத்தில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். பணிப்பெண் ஒவ்வோர் அடியாக நிதானமாக எடுத்துவைத்து வந்து, அதைப் பிடித்து அவர் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போவார். அவ்வளவுதான் காட்சி. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலம் அது. பெரிய கண்ணாடித் தட்டில் பேனாவை ஒட்டி, கேமராவுக்கு முன்னால் அந்தக் கண்ணாடியைச் சுற்றியிருக்கிறார்கள். பணிப்பெண் செய்தது ஒட்டிய பேனாவைப் பிய்த்தெடுத்தது மட்டும்தான். இது தெரிந்த பிறகு எத்தனையோ தடவை உற்றுப் பார்த்துவிட்டேன், கண்ணாடி என் கண்ணில் படவே இல்லை. மனிதன் நிலவில் கால்வைக்க இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது அப்போது. எடை இல்லாத இடத்தில் ஒரு பேனா என்ன செய்யும், ஒரு பெண் எப்படி நடப்பாள் என்று உட்கார்ந்து யோசித்து எடுத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த யோசனைதான்.

அடுத்தது சத்தம். காற்று இல்லாத இடத்தில் ஒலி கேட்காது என்பது பள்ளிப் பாடம், ஆனாலும் முக்கால்வாசிப் படங்களில் விண்வெளியில் 'டமார்' என்று வெடிக்கும். இதில் கலத்தை விட்டு வெளியே போகிற காட்சியில் தலைக்கவசத்துக்குள் மூச்சு வாங்குகிற சத்தம்தான் கேட்கும். எனக்கு ஊர் தங்கச்சிமடம். பள்ளிக்கூட லீவில் அப்பாவோடு ராத்திரி வல்லத்தில் தென்கடலுக்குப் போயிருக்கிறேன். வலை விட்டு முடித்து அப்பா எஞ்சினை அணைப்பார். அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றதும், பலகையில் தண்ணீர் தட்டுகிற சத்தமும் நம் மூச்சும்தான் மிச்சம் இருக்கும். மேலே வெள்ளி கொட்டிக் கிடக்கும் (நட்சத்திரத்தை எங்கள் பக்கம் வெள்ளி என்போம்), ஆறாமீன் (கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்) எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து அப்பா மணி சொல்வார். பல வருடம் கழித்து, ராமநாதபுரத்தில் காலேஜ் படித்தபோது நண்பனின் லேப்டாப்பில் ஹெட்போன் மாட்டி அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்ட நிமிடம் எனக்கு அந்த வல்லம்தான் வந்து நின்றது. படம் மெதுவாகப் போகிறது என்கிறீர்களே, கடலும் அப்படித்தான் இருக்கும், அங்கே ஒன்றும் அவசரமாக நடப்பதில்லை.

குப்ரிக்கோடு சேர்ந்து அந்தத் திரைக்கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க், கடலுக்குள் முக்குளிக்கிற ஆசையில் 1956இலேயே இலங்கைக்குக் குடிவந்தவர். தனுஷ்கோடியில் நின்றால் அந்தப் பக்கம் தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்கூட வராது, அதனால் எங்களுக்கு அவர் பக்கத்து ஊர்க்காரர் மாதிரிதான். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோளைச் சுற்றவிட்டால், அது பூமி சுழலும் வேகத்துக்குச் சரியாக ஈடுகொடுத்து ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும், மூன்று இருந்தால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பிவிடலாம் என்று 1945இல் எழுதினார் அவர். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு டிஷ் எல்லாம் அசையாமல் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறதே, காரணம் அதுதான்.

இன்னும் பின்னால் போனால் ஃபிரிட்ஸ் லாங் 1929இல் எடுத்த 'நிலவில் பெண்' என்ற ஜெர்மன் மௌனப்படம். ராக்கெட் கிளம்பும் முன் எண்களைத் தலைகீழாக எண்ணுவதைப் பிரபலமாக்கியது இந்தப் படம்தான். பேச்சு இல்லாததால் எண்களை எழுத்தாகத் திரையில் போட்டுப் பார்ப்பவர்களைப் பதற வைத்தார்கள். ராக்கெட் விஞ்ஞானி ஹெர்மன் ஓபெர்த் அதற்கு ஆலோசகர். ஸ்ரீஹரிகோட்டாவில் எண்ணுவதை டிவியில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம் ஞாபகம் வரும். தப்பும் இருக்கிறது, நிலவின் மறுபக்கத்தில் காற்று இருப்பதாகக் காட்டி ஆட்களைக் கவசம் இல்லாமல் நடக்கவிட்டிருப்பார்கள். குப்ரிக்கின் நிலவில் மலைகள் ஊசி ஊசியாக இருக்கும். நிஜத்தில் விண்கற்கள் கோடிக்கணக்கான வருடங்களாக விழுந்து விழுந்து மழுங்கிப்போன மலைகள் அவை.

தமிழிலும் உண்டு. 1963 ஏப்ரலில் வந்த 'கலை அரசி', எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. வேற்றுக்கிரகத்துக்காரர்கள் தங்கள் கிரகத்தில் இசை இல்லை என்று பறக்கும் தட்டில் வந்து, பாடுகிற பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதே வருடம் நவம்பர் 21ஆம் தேதி கேரளத்தின் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அதில் வேலை பார்த்தவர்களில் எங்கள் தீவுக்காரர் அப்துல் கலாமும் ஒருவர். படமும் ராக்கெட்டும் ஒரே வருடத்தில் வந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் புல்லரிக்கிறது.

2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் பாம்பனில் ஒரு டீக்கடையில் பத்துப் பேர் ஒரு போனைச் சுற்றி நின்று சந்திரயான்-3 இறங்குவதைப் பார்த்தோம். விசைப்படகு ஓட்டுகிற மாமா கேட்டார், "ஏன் மாப்ள, அங்க காத்தே இல்லைங்கிற, பாராசூட் எப்படி விரியும்?" விரியாது மாமா, எஞ்சினை எதிர்ப்பக்கம் எரியவிட்டே வேகத்தைக் குறைக்கிறாங்க, முப்பது கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் வேகம், அதைப் பத்தொன்பது நிமிஷத்தில் ஒண்ணும் இல்லாமப் பண்ணணும் என்றேன். "அப்ப நாம ஜெட்டிப் பாலத்துல போட்டைக் கட்ட ரிவர்ஸ் போட்டுப் பிடிக்கிற மாதிரிதான்" என்றார். ஆமாம், அதேதான். 6.04க்கு அது தரையைத் தொட்டபோது முதலில் கைதட்டியது அவர்.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது? ஜார்ஜ் மெலியே 1902இல் எடுத்த நிலவுப் பயணப் படம் கால் மணி நேரம்தான், இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது, பீரங்கியில் சுட்ட குண்டு மாதிரியான கலம் போய் நிலவின் கண்ணில் குத்தி நிற்கிற காட்சி அதில்தான் வரும். அப்புறம் 'கலை அரசி'. குப்ரிக்கைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனோடு பாருங்கள். முதல் இருபத்தைந்து நிமிடம் யாருமே பேச மாட்டார்கள், ஓட்டிவிடாதீர்கள். பேனா வரும்போது கண்ணாடி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்து எனக்கும் சொல்லுங்கள்.